பார்க்கப்படுவோரின் பக்கம்

ஒரு நிழற்படத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அதை எடுத்தவரைப் பற்றியே பேசுகிறோம். அவருடைய கண், அவருடைய பொறுமை, அவர் கையாண்ட கருவி, அவருக்கு வாய்த்த வெளிச்சம் ஆகியவற்றையெல்லாம் விஸ்தாரமாக ஆராய்ந்துவிட்டு, படத்துக்குள் நிற்கும் ஜீவனை, அது காட்டெருதாயினும் சரி, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியாயினும் சரி, தெருவில் விளையாடும் சிறுவனாயினும் சரி, அந்தக் கலைஞரின் திறமை வெளிப்படுவதற்கு வாய்த்த ஒரு நிமித்தமாக மட்டும் கருதி மேலே சென்றுவிடுகிறோம். வனவிலங்கு, பொதுத்தொண்டு, நகரத்தின் அன்றாட வாழ்க்கை என்று நிழற்படக் கலையைத் தனித்தனித் துறைகளாகப் பிரித்து வைப்பதும் வழக்கமாகிவிட்டது. ஆயினும் இம்மூன்று துறைகளிலும் தலைசிறந்தவை என்று சொல்லத்தக்க படங்களை அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால், அவற்றை எடுத்தவர்கள் அனைவரும் ஒரே சங்கடத்தை எதிர்கொண்டவர்கள் என்பது புலப்படும். பார்க்கப்படும் உயிர், தான் பார்க்கப்படுவதை அறிந்த கணத்திலேயே மாறிவிடுகிறது. மான் தலையைத் தூக்கிச் செவியை நிமிர்த்துகிறது. நோயாளி வேதனையை விழுங்கி முகத்தைச் சீராக்கிக்கொள்கிறார். தெருப்பையன் ஆட்டத்தை விட்டுவிட்டுக் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்த மாறுதல் நேர்வதற்கு முன்பிருந்த நிலையை எட்டுவதற்கு ஒரு கலைஞர் எந்த வழியைக் கையாண்டார், அந்த வழிக்கு விலை கொடுத்தது அவரா, படத்தில் இருப்பவரா என்று கேட்டுப் பார்ப்பதுதான் அவருடைய கலையை அளப்பதற்கு நமக்கு இருக்கும் நம்பகமான வழி என்று நான் கருதுகிறேன்.

காட்டு மிருகங்களின் விஷயத்தில் இந்தச் சங்கடத்துக்கு முன்னோடிகள் சிலர் கண்ட தீர்வு, மனிதன் அந்த இடத்தில் இல்லாமலே இருந்துவிடுவது. ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த எப். டபிள்யூ. சாம்பியன் என்ற ஆங்கிலேயர், புலி நடந்து செல்லும் தடத்தின் குறுக்கே கம்பி ஒன்றைக் கட்டி, அதன்மீது புலியின் கால் பட்டவுடனே காமிராவும் ஒளிச்சாதனமும் தாமாகவே இயங்கும்படி அமைத்து, இரவில் உலாவும் காட்டுப் புலிகளைப் படம் பிடித்தார். அவற்றைத் தொகுத்து அவர் நூலாக வெளியிட்டது 1927இல். துப்பாக்கியைத் தவிர வேறு எதனாலும் புலியை அணுக முடியாது என்று நம்பிய ஒரு தலைமுறைக்கு அந்த நூல் பேராச்சரியத்தை அளித்தது. ஜிம் கார்பெட் வேட்டையைக் குறைத்துக் காமிராவைக் கையில் எடுத்ததற்குச் சாம்பியனின் படங்களே தூண்டுதல். புலிக்குப் புலி உடற்கோடுகள் வேறுபடும் என்பதைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணவும் சாம்பியன் முயன்றார். பிற்காலத்தில் நாகரஹொளெக் காட்டில் உல்லாஸ் காரந்த் தானியங்கிக் காமிராக்களை வைத்துப் புலிகளைக் கணக்கிட்ட முறைக்கும் அதுதான் அடிப்படை. இவ்வளவு பெருமையையும் ஒப்புக்கொண்ட பிறகும், அந்தப் படங்களில் ஏதோ ஒன்று குறைவதாகவே எனக்குப் படுகிறது. புலியின் வடிவம் அற்புதமாகக் கிடைத்திருக்கிறது. அது வாழும் காடோ பெரும்பாலும் இருளுக்குள் போய்விட்டது. மனிதன் அகன்றுகொண்டதனாலேயே, அந்தப் பிராணிக்கும் அதன் பூமிக்கும் இடையே உள்ள உறவைக் காண்பதற்குக் கண் ஒன்று அங்கே இல்லாமற் போயிற்று.

அந்த உறவைக் காண்பதையே தம் ஆயுட்காலப் பணியாகக் கொண்டவர் நம்மிடையே வாழ்ந்த மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டுக் குழந்தைகளுள் கடைசிக் குழந்தையாகப் பிறந்த அவர், தந்தையை 1925இல், பதின்மூன்றாம் வயதில் இழந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், சட்டமும் பயின்றார், 1942 முதல் 1949 வரை சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் அரசியல் காரியதரிசி என்று பல உத்தியோகங்களை வகித்தார். சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது, தம் தகுதிக்குச் சுலபமாகக் கிடைத்திருக்கக்கூடிய அரசாங்க வேலையை நாடாமல் சென்னைக்குத் திரும்பி, எழுதுவதையும் படம் எடுப்பதையும் மட்டுமே ஜீவனோபாயமாகக் கொண்டார். இன்று அதைக் கேட்கும்போது பெரிய தியாகமாகத் தோன்றாமல் இருக்கலாம். ஒரு கட்டுரைக்கும் ஒரு படத்துக்கும் பத்திரிகைகள் என்ன கொடுத்தன என்பதை அறிந்தவர்களுக்குத்தான் அந்தத் தீர்மானத்தின் கனம் தெரியும்.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். வர்ணப் பிலிம் எங்கும் பரவி, பத்திரிகைகளெல்லாம் அதையே விரும்பிக் கேட்ட காலத்திலும் அவர் மாறவில்லை. கடையில் வாங்கிய காமிரா எதுவும் அவருக்குத் திருப்தியளிக்காததால், வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்தி அமைத்த கனமான சாதனம் ஒன்றைக் காட்டுக்குச் சுமந்து சென்றார். 'சூப்பர் பாண்டரோஸா' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். முதுமலையில் அவர் பலமுறை பின்பற்றிய முறை, பழக்கப்பட்ட யானையின் முதுகில் ஏறிக் காட்டுக்குள் போவது. கால்நடையாக வரும் மனிதனைக் கண்டால் உடனே ஓடிவிடும் மானும் காட்டெருதும், யானை ஒன்று மரங்களை ஒடித்துக்கொண்டு அசைந்து வந்தால் அதைத் தம் உலகத்தைச் சேர்ந்த ஒன்றாகவே ஏற்றுக்கொண்டு மேய்ச்சலைத் தொடருகின்றன. அதன் முதுகில் மனிதர் இருவர் அமர்ந்திருப்பதை அவை பொருட்படுத்துவதில்லை. ஆனால் யானை ஒரு கணமும் சும்மா நிற்பதில்லை. அது மூச்சு விடுவதே முதுகில் உட்கார்ந்திருப்பவரை ஆட்டிவிடும். நிழல் அடர்ந்த காட்டில், அந்நாளைய பிலிமைக் கொண்டு, அந்த ஆட்டத்தின் நடுவே அசையாத படம் எடுப்பது எத்தகைய பிரயத்தனம் என்பதைக் காமிராவைக் கையாண்டவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். பாகனுடைய சொல்லுக்கு யானை கட்டுப்பட வேண்டும். பாகன் காட்டின் போக்கை அறிந்தவனாக இருக்க வேண்டும். படம் எடுப்பவர் அவர்கள் இருவரையும் நம்பி, தாம் மூன்றாமவராக இருக்கச் சம்மதிக்க வேண்டும். சாம்பியன் தம்மை அந்த இடத்திலிருந்தே நீக்கிக்கொண்டார். கிருஷ்ணனோ அங்கே இருந்துகொண்டே, தம்முடைய அந்தஸ்தை மட்டும் குறைத்துக்கொண்டார். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு படங்களில் தெளிவாகத் தெரிகிறது.

அவருடைய படங்களில் மிருகத்தின் முகம் சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்பது அபூர்வம். ஆற்றங்கரையில் யானைக் கூட்டம் நிற்கிறதென்றால், கரையின் சரிவும், அதில் முளைத்த புல்லும், எதிர்க்கரை மரங்களின் வரிசையும் யானைகளுக்குச் சமமான கவனத்துடன் படத்தில் இடம்பெற்றிருக்கும். புள்ளிமான் ஒன்றை நாம் முதலில் காண்பதே இல்லை. இலைகளையும் அவற்றினூடே விழும் வெயிலையும் பார்த்துக்கொண்டிருக்கையில், அந்த வெயிலின் ஒரு பகுதி மான் என்று பிறகு தெரிகிறது. அந்தப் பிராணியின் உடலில் புள்ளிகள் ஏன் அமைந்தன என்பதை எத்தனையோ பாடப்புத்தகங்கள் சொல்லியிருக்கின்றன. கிருஷ்ணனுடைய படமோ அதைக் கண்ணுக்கே உணர்த்திவிடுகிறது. வர்ணத்தை அவர் வேண்டாமென்றதன் காரணத்தையும் நான் இதிலேதான் காண்கிறேன். வர்ணம் மிருகத்தைக் காட்டிலிருந்து பிரித்து முன்னே தள்ளுகிறது. கறுப்பும் வெளுப்புமான நிறப்படிகள் இரண்டையும் ஒரே நெசவில் சேர்த்து வைக்கின்றன.

படம் எடுத்ததோடு அவருடைய கடமை முடிந்ததாக அவர் எண்ணவில்லை என்பதே எல்லாவற்றிலும் முக்கியமானது. 1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புகள் நாற்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாமல் வெளிவந்தன. அவர் காலமான 1996 பிப்ரவரி 18ஆம் தேதியன்றும் அவருடைய கட்டுரை அந்தப் பத்திரிகையில் இருந்தது. 1968இல் கிடைத்த நேரு நல்கையைக் கொண்டு தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை இரண்டாண்டுகள் நேரில் ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975இல் நூலாக வெளியிட்டது. எந்தக் காட்டில் எந்த இனம் குறைந்து வருகிறது, எந்த அணைக்கட்டு எந்த வழித்தடத்தை மூழ்கடித்தது, அந்நிய நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவது நம்முடைய மண்ணுக்கு என்ன கேடு செய்கிறது என்பவற்றையெல்லாம் அரசாங்கக் குழுக்களில் அமர்ந்தும், வெளியிலிருந்து எழுதியும் அவர் ஓயாமல் எடுத்துரைத்து வந்தார். தம் காமிராவின் முன் நின்ற மானுக்குத் தாம் கடன்பட்டவர் என்ற நினைவோடு வாழ்ந்த ஒரு மனிதரின் சரித்திரமாகவே இதையெல்லாம் நான் படிக்கிறேன்.

காட்டுக்குப் போகாத நாட்களில் அவர் சும்மா இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. சென்னையில் தம்முடைய வீட்டையும் தோட்டத்தையும் தெருவையும் சுற்றித் திரிந்த காக்கை, அணில், மைனா, சுவர்ப்பல்லி ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதியவை, யானையையும் காட்டெருதையும் பற்றி எழுதியவற்றுக்குச் சற்றும் தாழ்ந்தவையல்ல. அருமையான பொருளைத் தேடித் தொலைதூரம் போக வேண்டும் என்ற எண்ணத்தை அவர் எழுத்து மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே நடப்பதையே, அதை முதன்முதலாகக் காண்பவரின் சிரத்தையோடு கவனிக்கலாம் என்று அறிந்த மனம்தான் நகரத்தைப் படம் எடுப்பதற்கும் வேண்டும்.

அத்தகைய மனம் படைத்த ஹெலன் லெவிட், கிருஷ்ணன் பிறந்ததற்கு அடுத்த ஆண்டில், கடலுக்கு அப்பால் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அவருக்கு நகரம் என்றால் வானளாவிய கட்டிடங்கள் அல்ல. ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த கிழக்கு ஹார்லம் போன்ற பகுதிகளின் நடைபாதைகளும் வாசற்படிகளும்தான். 1937வாக்கில் பள்ளிச் சிறுவர்களுக்குச் சித்திரம் கற்பிக்கும் வேலையில் இருந்தபோது, தெருச் சுவர்களிலும் தார்ச்சாலையிலும் குழந்தைகள் சாக்கட்டியால் வரைந்திருந்த உருவங்களைக் கண்டு, அடுத்த மழையில் அழிந்துவிடப் போகும் அந்தச் சித்திரங்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். பிறகு அவற்றை வரைந்த குழந்தைகளையே எடுத்தார். 1943இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தக் குழந்தைகளின் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. முகமூடி அணிந்து வாசற்படியில் இறங்கி வரும் மூன்று குழந்தைகளின் படத்தை, பார்த்தவர்கள் எவரும் மறக்க முடியாது. ஒரு குழந்தை ஏற்கெனவே உலகத்தைச் சந்திக்கத் தயாராகிவிட்டது. இன்னொன்று சாய்ந்து நின்று யோசிக்கிறது. மற்றொன்று இன்னும் முகமூடியைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. மனிதன் வீட்டைவிட்டு வெளியே இறங்குவது என்னும் பெரிய காரியம் முழுவதும் அந்த நாலைந்து படிகளில் அடங்கியிருக்கிறது.

லெவிட்டின் சின்ன லைக்கா காமிராவில் ஒரு விசேஷ உறுப்பு பொருத்தப்பட்டிருந்தது. அது பக்கவாட்டில் இருப்பதைக் காட்டும் பார்வைக் கண்ணாடி. அவர் தெருவின் நேர் திசையில் எதையோ பார்ப்பதுபோல் நிற்பார், காமிராவின் லென்ஸோ தொண்ணூறு பாகை திரும்பி, அருகிலுள்ள படிக்கட்டில் அமர்ந்திருப்பவரை நோக்கியிருக்கும். இது வஞ்சனை ஆகாதா என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது. அதை இலேசாகத் தள்ளிவிடவும் கூடாது. யானையின் முதுகில் சென்றவரைக் குற்றம் சொல்லாத நாம், மான் விஷயத்தில் அனுமதித்ததை மனிதக் குழந்தையின் விஷயத்திலும் அனுமதிக்கலாமா? மானுக்கு மானம் போவதில்லை, மனிதருக்குப் போகும். நான் நெடுநாள் யோசித்து அடைந்த முடிவு, ஒளித்து எடுத்ததை நியாயப்படுத்துவதும் கண்டிப்பதும் எடுத்த முறையைப் பொறுத்ததல்ல, எடுக்கப்பட்டது எது என்பதைப் பொறுத்தது என்பதாகும். லெவிட்டின் ஆயிரக்கணக்கான படங்களில், பார்க்கப்பட்டவர் பின்னொரு நாள் அதைக் கண்டு தலைகுனிய நேரும் படம் ஒன்றேனும் என் கண்ணில் படவில்லை. வறுமை அங்கே இருக்கிறது. உடைந்த ஜன்னலும் கிழிந்த சட்டையும் இருக்கின்றன. ஆனால் படத்தின் விஷயம் அவை அல்ல. உடைந்த நிலைக்கண்ணாடியின் வெறும் சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுவர்களும், அதனுள்ளே தெரியும் சைக்கிள் ஓட்டும் பையனும், கீழே சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் குனிந்து ஆராய்பவர்களும், தங்களுக்கு அப்போது வாய்த்த அபூர்வமான பொருளில் முழுவதுமாக ஆழ்ந்திருக்கிறார்கள். அந்த ஈடுபாட்டைக் கலைக்காமல் இருக்கவே அந்தப் பக்கவாட்டுக் கண்ணாடி.

தம் படங்களைப் பற்றிப் பேசுவதை அவர் பெரும்பாலும் தவிர்த்தார்; வாழ்நாளில் மிகச் சில பேட்டிகளே அளித்தார். தெருவில் எடுக்கக் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள் என்று முதுமையில் வருத்தப்பட்டதுண்டு. சின்னஞ்சிறு வீடுகளின் புழுக்கம் தாங்காமல் தெருவுக்கு வந்த ஜனங்களைத் தொலைக்காட்சியும் குளிர்சாதனமும் மறுபடி வீட்டுக்குள் இழுத்துக்கொண்டன. காடு குறைவதைக் கிருஷ்ணன் கணக்கெடுத்ததுபோல், தெருவில் ஒரு ஜீவராசி குறைந்ததை லெவிட்டின் படங்கள், யாரும் கேட்காமலே, ஆண்டுவாரியாகப் பதிவு செய்திருக்கின்றன. 2009இல் அவர் மறைந்தார்.

பொதுத்தொண்டைப் படம் எடுப்பது இவ்விரண்டையும் விடக் கடினம். மானுக்குக் காமிரா என்பது இன்னதென்று தெரியாது. தெருப்பிள்ளைக்குத் தெரிந்தாலும் அவன் நாளை அதை மறந்துவிடுவான். நோயிலும் பசியிலும் கிடப்பவரோ, தம்முடைய மிக இழிந்த நேரத்தில் ஓர் அந்நியர் தம்மைப் பார்ப்பதை முழு உணர்வோடு சகித்துக்கொண்டிருக்கிறார். இதில் மனிதர் எவ்வளவு தவறிப்போகலாம் என்பதற்கு நம்முடைய ராஜதானியிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியையும் சுற்றுப் பிரதேசங்களையும் வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மாண்டவர் ஐம்பது லட்சத்துக்கும் அதிகம் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பஞ்சத்தைப் படம் எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. எலும்பும் தோலுமாகிவிட்ட ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும், குடும்பப் படத்துக்கு உட்கார வைப்பதுபோல வரிசையாக அமர்த்தி அவர் எடுத்த படங்கள் இன்றும் சரித்திரப் புத்தகங்களில் வெளிவருகின்றன. அவற்றைப் பார்க்கும்போது பஞ்சத்தின் கொடுமை உறைக்கிறது என்பது உண்மை. அத்துடன், அசையாமல் இருக்கும்படி அவர்களுக்கு இடப்பட்டிருக்க வேண்டிய கட்டளையும் காதில் விழுகிறது. அதே ஹூப்பர்தான் பின்னாளில் மாந்தலேயில், பர்மியக் கைதிகள் சுடப்படும் தருணத்தைப் படம் பிடித்ததற்காக விசாரணைக்கு உள்ளானார். அவருடைய திறமையில் குறையில்லை. அவருடைய காமிராவுக்கும் அதன் முன் இருந்தவர்களுக்கும் நடுவே அதிகாரத்தைத் தவிர வேறு உறவு எதுவும் இருக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான வழியை அமெரிக்கரான யூஜின் ஸ்மித்தின் வாழ்க்கையில் காண்கிறோம். இரண்டாம் உலக யுத்தத்தைப் படம் எடுக்கச் சென்று, 1945இல் ஒகினாவாத் தீவில் குண்டுச் சிதறலால் படுகாயமடைந்து, இரண்டு ஆண்டுகள் காமிராவைத் தொட முடியாமல் கிடந்தவர் அவர். மரணத்தை வேண்டிய மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிய அந்த மனிதர், மரணத்தோடு தினந்தோறும் போராடுகிறவர்களைத் தேடிப் போனார். 1948இல் கொலராடோ மாகாணத்தின் கிரெம்லிங் என்ற சிற்றூரில், பல நூறு சதுர மைல் பரப்புக்கு ஒரே வைத்தியராக இருந்த எர்னஸ்ட் செரியானியோடு சில வாரங்கள் தங்கினார். வைத்தியர் தம் வேலையைக் காமிராவுக்காகச் செய்யத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஆரம்ப நாட்களில் பிலிம் போடாத காமிராவைக் கொண்டே அவர் பின்னால் சுற்றினார் என்று சொல்லப்படுகிறது. வைத்தியருக்கு அவர் வீட்டு மரச்சாமான்களைப் போலப் பழகிப்போன பிறகே உண்மையான படங்கள் பிறந்தன. அவற்றுள் ஒன்று: பின்னிரவு வேளை, சமையற்கட்டில், அறுவை உடையைக்கூடக் கழற்றாமல், கையில் காப்பிக் கோப்பையோடு மேடையில் சாய்ந்து நிற்கிறார் செரியானி, சற்று முன்புதான் பிரசவத்தில் தாயையும் சேயையும் அவர் இழந்திருந்தார். இறந்தவர்களை ஸ்மித் நமக்குக் காட்டவில்லை. அவர்களைக் காப்பாற்ற முயன்று தோற்றவரின் முகத்தைக் காட்டுகிறார். இறந்தவர்களின் அருமை அந்த முகத்திலிருந்து நமக்குத் தெரிகிறது.

மூன்றாண்டுகள் கழித்து அவர் தென் கரோலினா மாகாணத்துக்குச் சென்றது, மாட் காலன் என்ற கறுப்பினத் தாதியைப் பற்றிய படக் கட்டுரைக்காக. இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த பிரதேசம் அது. வறுமை மிகுந்த கிராமப்புறம். நல்ல சாலை கிடையாது. அருகில் டாக்டர் கிடையாது. சேற்றுப் பாதைகளில் தம் காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பிரசவம் பார்ப்பதும், ஊர் மருத்துவச்சிகளுக்குச் சுத்தத்தைக் கற்பிப்பதும், வயோதிகர்களுக்கு உடையும் உணவும் கொண்டுபோய்க் கொடுப்பதுமாக அந்த அம்மையார் உழைத்துக்கொண்டிருந்தார். 1951 டிசம்பரில் 'லைஃப்' பத்திரிகை அந்தப் படங்களைப் பன்னிரண்டு பக்கங்களில் வெளியிட்டது. வாசகர்கள் கேட்காமலே பணம் அனுப்பினார்கள். இருபதாயிரம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. அதைக் கொண்டு 1953இல் காலன் அம்மையாரின் பெயராலேயே மருத்துவ மனை எழுந்தது. 1971இல் ஓய்வு பெறும்வரை அவர் அங்கே பணிபுரிந்தார். தாம் சந்தித்த மனிதர்களுள் ஈடிணையற்றவராக அவரை ஸ்மித் மதித்தார்.

இந்தப் படங்கள் ஏன் இரக்கத்தோடு நின்றுவிடாமல் காரியத்தைச் சாதித்தன என்று ஆராய்ந்தால், ஹூப்பரின் படங்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவுகிறது. பஞ்சப் படத்தில் துன்பப்படுகிறவர் மட்டுமே இருக்கிறார். அவரைப் பார்க்கும் நாம் வெளியே நிற்கிறோம், எதுவும் செய்ய இயலாதவர்களாக. ஸ்மித்தின் படத்தில் துன்பப்படுகிறவரின் பக்கத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார். நம் கண் அந்தக் கையின் வழியாக நோயாளியிடம் போய்ச் சேருகிறது. நோயாளி வெறும் காட்சிப் பொருளாகிவிடாமல், யாரோ ஒருவருக்கு வேண்டியவராகவே நமக்கு அறிமுகமாகிறார். நமக்கும் செய்வதற்கு ஏதோ இருக்கிறது என்ற நினைவு அப்போதே வந்துவிடுகிறது. பொதுத்தொண்டைப் படம் எடுப்போர் எவரும் இதைக் கற்றுக்கொள்ளாமல் காமிராவைத் தூக்கலாகாது என்பேன்.

ஸ்மித்தின் கடைசிப் பெரும்பணி ஜப்பானில் மினமாத்தாக் கடற்கரையில் நிகழ்ந்தது. சிஸ்ஸோ என்னும் ரசாயனத் தொழிற்சாலை கடலில் கொட்டிய கழிவிலிருந்த பாதரசக் கூட்டுப்பொருள் மீன்களில் சேர்ந்து, மீனை உண்டவர்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956இல். தாய் உண்ட விஷம் கருவிலிருந்த சிசுவையும் தாக்கியது. 1971இல் தம் மனைவி ஐலீனோடு மூன்று மாதம் தங்குவதாக எண்ணிச் சென்ற ஸ்மித், நோயுற்ற மீனவர்களிடையே மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். 1972 ஜனவரியில், நோயாளிகளோடு அந்தக் கம்பெனியின் வேறொரு ஆலைக்குச் சென்றபோது, கம்பெனி ஊழியர்களால் தாக்கப்பட்டார்; அவருடைய பார்வையே பழுதுபட்டது. 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1978இல் ஸ்மித் இறந்தார்.

மினமாத்தாவில் அவர் எடுத்தவற்றுள் ஒன்று உலகமெங்கும் பரவியது. கருவிலேயே விஷம் தாக்கிப் பிறந்து, பேச்சும் நடையும் வாய்க்காத மகளை அவளுடைய தாய் குளிப்பாட்டும் படம் அது. பெற்றோரின் சம்மதத்தோடு, அவர்கள் வீட்டுக் குளியலறையிலேயே எடுக்கப்பட்டது. அந்தப் பெண் 1977இல், இருபத்தொன்றாம் வயதில் இறந்தாள். படம் இறக்கவில்லை, பாடப்புத்தகங்களிலும் சுவரொட்டிகளிலும் கண்காட்சிகளிலும் அது இடையறாது தோன்றிக்கொண்டே இருந்தது. மகள் போய் இருபது ஆண்டுகள் ஆன பின்னும், அவளுடைய உடல் முன்பின் அறியாதவர்களின் கண்ணெதிரே கிடப்பதைப் பெற்றோரால் பொறுக்க முடியவில்லை. அவள் இனியாவது ஓய்வு கொள்ளட்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். 1990களின் பிற்பகுதியில், காப்புரிமையைத் தம் வசம் வைத்திருந்த ஐலீன், அந்தப் படத்தின் உரிமையை அவர்களிடமே ஒப்படைத்து, இனி அதைப் புதிதாக வெளியிட அனுமதிப்பதில்லை என்று தீர்மானித்தார். அதன் பிறகு பல ஆண்டுகள், ஸ்மித்தின் தொகுப்புகளில் எல்லோரும் எதிர்பார்த்துத் தேடும் அந்த ஒரு படம் இல்லாமலே இருந்தது.

இதைப் பலர் குறை கூறினார்கள். உலகத்துக்கு இவ்வளவு நன்மை செய்த படத்தை மறைப்பது சரித்திரத்துக்கு இழைக்கும் அநீதி என்றும், ஒரு கலைப்படைப்பு பிறந்த பிறகு அது மனிதகுலத்துக்கு உரியது என்றும் சொன்னார்கள். அந்த வாதத்தின் வலிமையை நான் அறிவேன். அப்படத்தைக் காணாமலிருந்தால் மினமாத்தாவைப் பற்றி இவ்வளவு தீவிரமாக நானே எண்ணியிருக்க மாட்டேன். ஆனால் சம்மதம் என்பது ஒரு முறை கொடுத்துவிட்டால் என்றென்றைக்கும் தீர்ந்துவிடும் கிரயப் பத்திரம் அல்ல. 1971இல் அந்தத் தாயும் தகப்பனும் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள், தம்மைப்போல் துன்பப்படும் பிறருக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. நியாயம் ஓரளவு கிடைத்த பிறகு அந்தக் கதவை மூடிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கே உண்டு. ஸ்மித் உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பது வீண். ஐலீன் அதைச் செய்தார். கணவரின் புகழுக்கெல்லாம் சிகரமாக விளங்கிய படம் அது என்பதை நன்கு தெரிந்துகொண்டே செய்தார். அந்த வீட்டில் மூன்று ஆண்டுகளாக அவர்கள் இருவரும் பெற்ற நம்பிக்கைக்கு உரிய மரியாதையை அவர் செலுத்தினார் என்றுதான் நான் கொள்கிறேன். ஸ்மித் எடுத்த எந்தப் படத்துக்கும் அந்தச் செயலைத் தாழ்வாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.